ஆம்ப்ல வந்த சத்தம்

இல்லங்க, அந்த ஸ்டூல்ல ஒக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இந்தா, இந்த சேர்ல ஒக்காருங்க, ஆம்ப்புக்கு, இந்த ஸ்பீக்கர் பொட்டிக்குப் பக்கத்துல. வேற எடமும் இல்ல, ரூம் பூரா என் சாமான்தான். மாப்ள வூட்டுக்காரங்க வராங்கடி, மாடியக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுடின்னு அம்மா காலையிலேர்ந்து கத்துச்சு. ஒழுங்கு பண்ணதுதாங்க இது. ஆமா, கீழ திடீர்னு, கிட்டார் வாசிச்சுக் காட்டறீங்களான்னு கேட்டீங்களே, அப்ப எங்கம்மா மூஞ்சியக் கவனிச்சீங்களா? கேசரித் தட்டு கையிலயே நின்னு போச்சு. பொண்ணு பாக்க வந்தா, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தனியாப் பேசிட்டு வாங்கன்னு மாடிக்கு அனுப்புவாங்க, எல்லா வூட்லயும் நடக்கறதுதான். வாசிச்சுக் காட்டுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

இருங்க. கேக்குதா? டடக் டடக் டடக், டிர்ர்ர்ருன்னு. நான் இன்னும் தந்தியத் தொடவே இல்லியே. என்ன சனியன் இது... ஆங், நின்னுடுச்சு.

காலையில நல்லாத்தான் இருந்துச்சுங்க. போன வாரம் ஜெயங்கொண்டத்துல ஒரு ரிசப்ஷன்ல மானத்த வாங்குச்சு, ஒத்துக்கறேன். பாட்டுக்குப் பாட்டு நடுவுல கொர்ருன்னு ஒரே இரைச்சல். மாப்ளையோட பெரியப்பா ஒருத்தரு எந்திரிச்சு வந்து, அந்த ஜெனரேட்டர அணைம்மான்னுட்டுப் போனாரு. அன்னைலேர்ந்து கழட்டறதும் மாட்டறதுமாவே கெடக்கேன். அடாப்டர்லதான் கோளாறு. வேற மாத்திட்டு, நீங்க வர்றதுக்கு முன்னாடி போட்டுப் பாத்தேன், அப்படி ஒரு அமைதி. இப்ப நீங்க வந்து ஒக்காந்த நேரம் பாத்து ஆரம்பிக்குது. சிரிங்க சிரிங்க. கீழ நீங்க சிரிக்கவே இல்ல, இங்கயாச்சும் சிரிச்சீங்களே.

எது கோளாறுன்னா... இந்தா, இந்த வெள்ள டப்பா. நாய்ஸ் கேட்டுன்னு பேரு, இரைச்சலுக்குப் போட்ட கதவு. கிட்டார்லேர்ந்து ஒயரு மொதல்ல இந்த ஆரஞ்சு டப்பாவுக்கு வருது. கரகரன்னு வர்றதெல்லாம் இதோட வேல. ஆனா இது என்ன பண்ணும்னா, கிட்டார் சத்தத்தோட சேத்து கரண்டுல வர்ற இரைச்சலையும் பெருசாக்கிடும். அதனால இதுக்கு அடுத்தாப்ல வெள்ள டப்பா. வாசல்ல காவலுக்கு ஒரு ஆளப் போட்ட மாதிரிங்க. சின்னச் சத்தமா வந்தா கதவச் சாத்திக்கும், நான் தந்திய அடிச்சா தொறந்து விடும். எவ்ளோ சத்தத்துக்குத் தொறக்கணுங்கறத இந்தத் திருகுல வெக்கணும். ரொம்பக் கூட்டி வெச்சா, பாட்டு கடைசில மெதுவா இழுக்கறப்ப நறுக்குன்னு வெட்டிப்புடும். கொறச்சு வெச்சா இரைச்சலெல்லாம் உள்ள வந்துடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு, அதப் புடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடும்.

மறுபடி வருது பாருங்க. டடக் டடக். திருகக் கூட்டறேன். நிக்கல. இன்னும் கூட்டறேன். ம்ஹூம். கடைசி வரைக்கும் திருகியாச்சு, இதுக்கு மேல நான் ஓங்கி அடிச்சாலே பாதி சத்தத்த விடாது. அதையும் மீறி வருது. இந்தா, இப்ப தானா நின்னுடுச்சு.

எர்த்தா இருக்குமோ? நீங்க எந்திரிச்சு அந்த ஜன்னல்ட்ட போயி எட்டிப் பாருங்களேன். கீழ தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு குழி தெரியுதா, ஈரமா இருக்கா? அதான் எங்க வூட்டு எர்த்துக் குழி. அப்பா சென்ட்ரிங் வேல எடுத்துச் செய்யறவரு. இந்த வூட்ட அவரே கூட நின்னு கட்டுனாரு, கம்பி சிமெண்ட்டெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டாரு, எர்த்த மட்டும் ஏனோதானோன்னு வுட்டுட்டாரு. மண்ணு காஞ்சுடுச்சுன்னா ஆம்ப்பு கொர்ருங்கும், ஒரு வாளி தண்ணி ஊத்துனா அடங்கும். இன்னைக்குக் காலையில இந்தப் பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு வாளியோட போயி ஊத்திட்டு வந்தேங்க. பக்கத்து வூட்டம்மா பாத்துட்டு, அங்க என்னடி மொளைக்கப் போவுதுங்குது.

ஈரமாத்தான் இருக்கா. அப்ப அது இல்ல. பரவால்ல, அங்கயே கொஞ்ச நேரம் நில்லுங்க, கொள்ளிடத்துக் காத்து நல்லா வரும். இப்ப அமைதியாத்தான் இருக்கு. நான் சுருதி சேத்துக்கறேன்.

நானாவே பேசிக்கிட்டிருக்கேன்ல? ஸ்கூல்லயும் இதே கதைதான். திருமானூர்ல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர், அது தரகரு சொல்லியிருப்பாரு. ஞாயித்துக்கிழமை காலையில நம்ம மாதா கோயில் பாட்டுக்குழு. முகூர்த்த நாள்ல நல்லதம்பி அண்ணன் பாட்டு ட்ரூப்போட கல்யாணம், ரிசப்ஷன்னு வாசிக்கப் போவேன். அத தரகரு சொல்லியிருக்க மாட்டாரு. சொன்னாரா? பரவால்லியே. இன்னைக்குக் கூட சாயந்தரம் திருமழபாடில ஒண்ணு இருக்கு, அண்ணன் வேன எடுத்துக்கிட்டு வந்துடுவாரு. அதனாலதான் எனக்கு இருப்பு கொள்ளல. கீழ எல்லாரும் பதிலுக்கு ஒக்காந்திருக்காங்க, இங்க ஆம்ப்பு இந்த லட்சணத்துல இருக்கு. வாங்க, ஒக்காருங்க. என்ன வாசிக்கட்டும்? எதுன்னாலும் சரியா? ஓட்டல்ல என்ன சாப்புடறீங்கன்னு கேட்டா இப்படித்தான் சொல்லுவீங்களா?

அட கடவுளே. திரும்பவும்.

சரி, இத விட்டுடப் போறதில்ல. நான் கணக்கு டீச்சருங்க, ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வந்தா மிச்சம் இருக்கறதுதான் விடை. மொதல்ல கிட்டாரு. ஒயரப் புடுங்கிட்டேன், பாத்தீங்களா, இப்ப கிட்டாரே இல்ல. சத்தம் வருதா? வருது. அப்ப கிட்டாரு மேல குத்தமில்ல. ஆரஞ்சு டப்பாவக் கழட்டியாச்சு. இப்பவும் வருது. இந்தா, இப்ப புர்ருன்னு ஒண்ணு தனியாக் கேக்குதே, அது எங்கம்மா மிக்ஸி. சட்னி அரைக்குது. அது வேற, இது வேற.

ஒரு கையக் குடுங்க. இந்த ஒயரோட இந்த முனைய லேசாப் புடிச்சுக்கங்க, ஷாக்கெல்லாம் அடிக்காது. கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? பயப்படாதீங்க, நான்தான் பயப்படணும். இதுக்கு முன்னாடி வந்தவங்கள்லாம் இந்த மாடிக்கு வந்து கேட்டத நீங்க கேக்கணுமே. ஒருத்தரு, செந்துறையிலேர்ந்து வந்தாரு, இந்த ரூமச் சுத்திப் பாத்துட்டு, இதெல்லாம் கல்யாணத்துக்கப்பறம் எங்க வெப்பீங்கன்னாரு. கூடத்தான் கொண்டாருவேன்னேன். கீழ எறங்கிப் போயி, பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா கச்சேரி கிச்சேரின்னு போறது எங்களுக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. இன்னொரு எடத்துல மாப்ளையோட அக்கா, மேடையில வெளிச்சத்துல நின்னு வாசிக்குமா, இல்ல ஓரமா நின்னு வாசிக்குமான்னு கேட்டுச்சு. ஓரமா வாசிச்சா சேத்துக்குவாங்களாட்டம் இருக்கு.

அதுலேர்ந்து எங்கப்பாவுக்கு ஒரே கவல. சத்தம் போட மாட்டாருங்க, பேசவே மாட்டாரு, அதான் கஷ்டம். போன மாசம் மாதா கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து சொல்றாரு: இந்தத் தடவ வர்ற சம்பந்தமும் கிட்டாரால போச்சுன்னா, கிட்டாரு, ஆம்ப்பு, டப்பா அத்தனையும் கோயிலுக்கு நேந்துகிட்டேன், பாட்டுக்குழுப் பசங்க வாசிக்கட்டும், நீ ஒக்காந்து பாடும்மான்னாரு. அடைக்கலசாமின்னு அவரு பேர நல்லாத்தான் வெச்சிருக்காங்க, எதுன்னாலும் மாதாகிட்ட ஓடிடுவாரு. சண்ட போட்டாருன்னா நானும் சண்ட போடுவேன், தூக்கிப் பரண்ல போட்டாருன்னா ஏறி எடுத்துக்குவேன். கோயிலுக்குன்னு நேந்ததத் திருப்பிக் கேக்க முடியுங்களா? இத வாங்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இது போச்சுன்னா ட்ரூப்பும் போச்சு. ஸ்கூல், வூடு, ஸ்கூல், வூடு. எனக்கு மூச்சு முட்டிப் போயிடும். சும்மா பேச்சுக்குச் சொல்லலைங்க.

அதனாலதான் நீங்க கீழ எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பா நிமுந்து பாத்தாரு கவனிச்சீங்களா? சிமெண்ட் கம்பெனி லேப்ல வேல பாக்கறவரு, பெரம்பலூர்க்காரரு, பாட்டுன்னா காத தூரம் ஓடற ஆளா இருக்கும்னு நெனச்சேன். முத்தமிழ்செல்வன்னு பேரு வெச்சதுக்கு ஒரு தமிழாச்சும் இருக்குன்னு தோணுச்சு. உங்கம்மாவும் நல்ல மாதிரி. வரும்போதே பூவ வாழையெலையில சுத்திப் பைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க, பை ஓரத்துல நாரு தெரிஞ்சுது. நாம கீழ எறங்கிப் போயி தலையாட்டுனா போதும், இன்னைக்கே பூ வெச்சுட்டுத்தான் போவாங்க. அப்பறம் கோயில்ல பூசையில ரெண்டு பேரையும் பேரு சொல்லி கல்யாண ஓலை வாசிச்சுடுவாங்க, ஊருக்கே தெரிஞ்சுடும். அதுக்கப்பறம் பின்வாங்கறதுன்னா ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம்.

ம். வருது. புடிச்சுக்கிட்டே இருங்க, விட்டுடாதீங்க. வெள்ள டப்பாவையும் கழட்டிட்டேன். இந்த ஒயரு மட்டும்தான், நேரா ஆம்ப்புக்கு. இப்பவும் வருது. ஒயர மாத்தறேன், இது புது ஒயரு, கவரு கூட இப்பத்தான் கிழிக்கறேன். வருது. ஒயரே இல்லாம விட்டுட்டேன். வருது பாருங்க, லேசா, ஆனா வருது. அப்ப என்ன அர்த்தம்? சத்தம் இந்த வெள்ள டப்பாவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வரல. கதவத் தாண்டி உள்ளயே இருக்கு. வாசல்ல எவ்ளோ நல்ல காவலாளியப் போட்டாலும், உள்ள இருந்து வர்ற சத்தத்துக்கு அவன் என்ன பண்ணுவான்?

நின்னுடுச்சு.

நீங்க மறுபடி அந்த ஜன்னல்ட்ட போயி நில்லுங்க. சும்மா, போங்க. ஒண்ணும் கேக்காதீங்க, நில்லுங்க.

...

அமைதி. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இப்பவும் வருது. ஆனா ஆம்ப்புல வரல.

இப்ப இங்க வாங்க. சேர்ல ஒக்காருங்க. ம், கேக்குதுல்ல.

சட்டைப் பையிலேர்ந்து கைய எடுங்க. உங்க செல்போன அமுக்கிப் புடிச்சா நிக்காது. சைலன்ட்ல போட்டா உங்களுக்கும் எனக்கும்தான் கேக்காது, ஆம்ப்புக்குக் கேக்கும். எங்க ட்ரூப்ல மேடை ஏறுறதுக்கு முன்னாடி அத்தன பேரும் போன ஒரு மஞ்சப் பையில போட்டு நல்லதம்பி அண்ணன்கிட்ட குடுத்துடணும். இல்லாட்டி பாட்டு நடுவுல இப்படித்தான் டடக் டடக்குன்னு வரும். அதுவும் இந்த மாடில டவரு சரியாக் கெடைக்காது. போன் கெடந்து தவிக்கும், அந்தத் தவிப்பு பூரா ஆம்ப்புல ஏறும். என் போனா? அது கீழ அம்மாகிட்ட இருக்கு. மாப்ள வர்றப்ப பொண்ணு கையில போன் இருக்கக் கூடாதுன்னு காலையிலயே புடுங்கி அரிசி டப்பா மேல வெச்சுடுச்சு. அப்ப ரூம்ல இருக்கறது உங்க போன் ஒண்ணுதான்.

யாரு இது, விடாமக் கூப்புடறது? உங்கம்மா கீழ இருக்காங்க. ஞாயித்துக்கிழமை கம்பெனியில இந்தப் பாடு படுத்த மாட்டாங்க. ஃப்ரெண்டா இருந்தா எடுத்து, அப்பறம் பேசறேன்டான்னு சொல்லியிருப்பீங்க. எடுக்கவும் முடியல, கட் பண்ணவும் மனசு வரல. அப்படின்னா வேற ஆளுதான்.

தலையாட்டறீங்க. சரி.

மெதுவாச் சொல்லுங்க, எங்க சித்தி படிக்கட்டுல நிக்கும். ஃபைஸா. நல்ல பேரு. ஊரு லப்பைக்குடிக்காடா? காலேஜ்லேர்ந்தே பழக்கமா. அவங்க வூட்ல? அங்கயும் தெரியாது. உங்கம்மாகிட்ட சொல்ல தைரியம் வரல. மாதா கோயிலுக்குச் செவ்வாக்கெழம தவறாம வர்றவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு. ம். இன்னைக்கு இங்க வந்திருக்கீங்கன்னு அந்தப் பொண்ணுக்கு யாரு சொன்னா? நீங்களே காலையில மெசேஜ் போட்டீங்களா. போட்டுட்டு போன சைலன்ட்ல வெச்சுட்டீங்க.

எனக்குக் கோவம் வருதுங்க. இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். பயமா இருந்தா வூட்லயே ஒக்காந்து பயப்பட்டிருக்கணும். இன்னொரு வூட்ல கேசரி கிண்டி, சேல கட்டி, சித்தி சித்தப்பாவெல்லாம் வரவெச்சு ஒக்கார வெச்சிருக்கற வரைக்கும் வரணுமா? அந்தப் பொண்ணு அங்க என்ன பாடு படுதோ. இவ்ளோ நேரமா நான் அவங்க அழுகையக் கேட்டுக்கிட்டு, அடாப்டரா இருக்குமா எர்த்தா இருக்குமான்னு பாத்துக்கிட்டிருந்திருக்கேன்.

சரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. கீழ போயி வேணாங்கறதுக்கு என்ன காரணம் சொல்லலாம்னு வந்தீங்க? யோசிக்காம வந்திருக்க மாட்டீங்க. சொல்லுங்க, பரவால்ல.

கிட்டாரா.

ஓ. முன்னாடி வந்தவங்கள்லாம் அதச் சொல்லித்தான் போனாங்கன்னு தரகரு சொன்னாரா. அதச் சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க, சுலபமா முடிஞ்சுடும்னு. அதுக்குத்தான் எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டறீங்களான்னு கேட்டீங்களா? நான் சத்தமா வாசிக்கணும், உங்கம்மா காதுல விழணும், அவங்களே மூஞ்சியச் சுளிக்கணும். ம்.

இல்ல, அழுவல. நீங்க எதுவும் சொல்ல வேணாம்.

இங்க பாருங்க. நான் வேணாம்னு சொல்ல முடியாது. நான் சொன்னா, பாத்தியா, கிட்டாரு புடிச்ச திமிருன்னு அதுவும் இது தலையிலதான் விடியும். நீங்கதான் சொல்லணும். உண்மையச் சொன்னா ரொம்ப நல்லது, ஆனா அது இன்னைக்கு உங்களால ஆவாது, மூஞ்சியிலயே தெரியுது. வேற என்ன வேணாலும் சொல்லிக்கங்க. ஒசரம் பத்தலைன்னு. கருப்பா இருக்கேன்னு. வாயாடின்னு சொல்லுங்க, அத எங்க வூட்லயே யாரும் மறுக்க மாட்டாங்க. மாடில ஏறுனதுலேர்ந்து என்னைய ஒரு வார்த்த பேச விடலைன்னு சொல்லுங்க, உண்மைதான். கிட்டாரு வாசிக்குதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை எங்கப்பா இதெல்லாத்தையும் டெம்போவுல ஏத்திக் கோயில் வாசல்ல எறக்கிடுவாரு. அவரு செய்வாரு. உங்கள நான் வேற ஒண்ணும் கேக்கல. இந்த ஒண்ணு மட்டும். கீழ உங்கம்மா எவ்ளோ கேட்டாலும் சரி, எங்கப்பா வாசல் வரைக்கும் வந்து தனியாக் கேட்டாலும் சரி, கிட்டாரு நல்லா வாசிச்சுதுங்கன்னு சொல்லிட்டுப் போங்க. சத்தியமாவா? சரி.

அதோ, மறுபடி. எடுங்க. ஜன்னல்ட்ட போயி பேசுங்க, இங்க நின்னீங்கன்னா ஆம்ப்பு காட்டிக் குடுத்துடும். இருங்க, ஒயரெல்லாம் மாட்டிக்கறேன். நான் நல்லா சத்தமா வாசிக்கறேன், சித்திக்கு ஒண்ணும் கேக்காது. இன்னும் பூ வெக்கலன்னு மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்பறம்.

என்ன? எப்பத் தெரிஞ்சுதா? நீங்க மொதத் தடவ ஜன்னல்ட்ட போயிட்டுத் திரும்பி வந்தப்பவே தெரியும். இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அப்பறமும் எதுக்கு ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தேன்னா... டப்பாதான் கெட்டிருக்கணும் மாதாவேன்னு வேண்டிக்கிட்டே மாட்டிக்கிட்டிருந்தேங்க. சரின்னு சொல்லத்தான் இன்னைக்கு மாடி ஏறுனேன். போங்க, கட் ஆயிடப் போவுது, எடுங்க.